‘சும்மா’ இருப்பவர்களின் நேரம்: வேலை பறிப்பும் ‘சமாளித்தல்’ என்னும் சொல்லாடலும்

1

வேலை போயிருச்சு என்கிறோம். ‘போ’ என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. ஏதோ வேலையே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்ட மாதிரி. கொஞ்சம் கோபம் வந்தால் ‘தூக்கிட்டாங்க’ என்கிறோம். இதில் செய்தவர் உண்டு, ஆனால் தோன்றா எழுவாய். யார் தூக்கினாங்க என்று கேட்டால் கிடைக்கும் பதில், ‘மேலயிருந்து சொல்லிட்டாங்களாம்’. அந்த ‘மேல’ எந்த மாடி என்று யாருக்கும் தெரியாது. எழுத்துத் தமிழுக்கு வந்தால் ‘வேலை இழப்பு’. இங்கே எழுவாய் கிடைத்துவிடுகிறது, ஆனால் ஆள் மாறிப்போகிறார். இழந்தவர் என்று ஒருவர் வந்து நிற்கிறார், பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்கியவர் போல. நிர்வாகத்தின் தமிழில் இது ‘ஆட்குறைப்பு’. எடை குறைப்பு, செலவு குறைப்பு என்ற வரிசையில் இதுவும் ஓர் ஆரோக்கிய நடவடிக்கை. இவை எல்லாவற்றுக்கும் மேலே ‘பொருளாதார மந்தம்’. மந்தம் நம் வீடுகளில் வயிற்றுக்கு வரும். சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு ஒருவேளை பட்டினி கிடந்தால் சரியாகிவிடும். யார் பட்டினி கிடப்பது என்பதை மட்டும் இந்தச் சொல் சொல்வதில்லை.

இது இலக்கண விளையாட்டு அல்ல. ஒரு நிகழ்வுக்கு நாம் எந்த வினைச்சொல்லைப் போடுகிறோமோ அதுதான் அடுத்து யாரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ‘இழந்தவர்’ என்று சொன்ன மறுகணமே அவரிடம் போய் ‘எப்படிச் சமாளிக்கப் போறீங்க?’ என்று கேட்டுவிட முடிகிறது. நான் இந்தக் கட்டுரையில் ‘வேலை பறிப்பு’ என்றே எழுதுகிறேன். பறித்தல் குன்றா வினை. பறித்தவர் யார், பறிக்கப்பட்டது என்ன என்ற இரண்டு கேள்விகளையும் அது கேட்டே தீரும். முதல் கேள்விக்கு நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. இரண்டாவது கேள்வியை நாம் சம்பளம் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டோம். அங்கேதான் எனக்குத் தகராறு.

2

வேலை பறிக்கப்பட்டவருக்குப் புத்தி சொல்லும் எழுத்து இன்று ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. 2008இன் சரிவுக்குப் பிறகு பெருகி, 2020இல் வெள்ளமாகி, கணினித் துறையில் ஆள் கழிக்கும்போதெல்லாம் மறுபதிப்பு காண்கிறது. இந்தப் பிரதிகளை வரிசையாகப் படித்தால் ஒரே பிரதியைத் திரும்பத் திரும்பப் படிக்கும் அலுப்பு வரும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்திரு. நாளை அட்டவணை போட்டுப் பிரி. செலவைக் குறை. புதிய திறனைக் கற்றுக்கொள். எதிர்மறை மனிதர்களை விட்டு விலகு. எல்லாவற்றுக்கும் மேலாக மனப்பான்மையை மாற்று. நெருக்கடி என்பது மாறுவேடத்தில் வந்த வாய்ப்பு!

அல்தூசர் சொன்ன விளித்தல் இங்கே அப்பட்டமாக நடக்கிறது. தெருவில் போலீஸ்காரர் ‘ஏய்’ என்றால் திரும்புகிறவன் அந்தத் திரும்பலிலேயே குற்றவாளித் தன்னிலை ஆகிவிடுகிறான். ‘உன் திறனைப் புதுப்பி’ என்ற குரலுக்குத் திரும்புகிறவரும் அப்படித்தான். நேற்றுவரை இருபது ஆண்டு ஒரு எந்திரத்தை ஓட்டியவர் இன்று திறன் போதாதவராகிவிடுகிறார். எந்திரத்தை நிறுத்தியவர் பற்றிப் பேச்சே இல்லை.

இதைப் புத்தக வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டமே இந்த மொழியைப் பேச ஆரம்பித்துவிட்டது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் ஆட்குறைப்புக்கு ஆளானவர், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகப் பெற வேண்டும் என்றிருந்தது. நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையில் அரசின் முன் அனுமதியும் வேண்டும். 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அந்த நூறை முந்நூறாக்கியது. கூடவே புதிதாக ஒன்றைச் சேர்த்தது: மறுதிறன் நிதி. நீக்கப்படும் ஒவ்வொருவருக்காகவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி அந்த நிதியில் கட்ட வேண்டும். கிடைக்கிற பணத்தை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் நீக்குவதற்கான கதவை அகலமாகத் திறந்துவிட்டு, வெளியே தள்ளப்பட்டவர் கையில் ‘உனக்குத் திறன் போதவில்லை, கற்றுக்கொள்’ என்ற சீட்டைக் கொடுத்தனுப்புகிறது இந்த ஏற்பாடு. சுயமுன்னேற்ற நூலின் முதல் அத்தியாயம் இப்போது சட்டப் பிரிவு.

2020இல் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த சுயநிதிக் கல்லூரி (பெயர் வேண்டாம்) எங்களில் சிலரை ஜூன் மாதத்திலிருந்து கூப்பிடவில்லை. நீக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் ‘என்ன முயற்சி பண்றே?’ என்று கேட்காதவர்கள் குறைவு. ‘நாள் எப்படிப் போகுது?’ என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. சொந்தக் கதையை நீட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்கப்படாத அந்த இரண்டாவது கேள்வியைத் தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே ஒரு குழு கேட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

3

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்றொரு ஆலை ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்தே அந்த ஊருக்கு வாழ்வு என்றால் அங்கிருந்த நூற்பு, நெசவு ஆலைதான். உலகப் பெருமந்தத்தில் 1929இல் பகுதி பகுதியாக மூடத் தொடங்கி 1930 தொடக்கத்தில் முழுவதும் நின்றுபோனது. ஊரில் 478 குடும்பங்கள். அவற்றில் முக்கால் பங்குக்கும் மேலானவற்றில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைசல் என்ற மூன்று இளைஞர்களும் அவர்களது குழுவும் 1931-32 குளிர்காலத்தில் அந்த ஊருக்குப் போனார்கள். மூவரும் சோஷலிஸ்டுகள். முதலில் தொழிலாளர்களின் ஓய்வுநேரத்தைப் பற்றி ஆராயத்தான் நினைத்திருந்தார்கள். நாடு முழுக்க வேலையில்லாமல் கிடக்கும்போது ஓய்வைப் பற்றி என்னய்யா ஆராய்ச்சி என்று ஆஸ்திரிய சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பாவர் கடிந்துகொண்டாராம். அதன் பிறகுதான் மரியன்தால். நூல் 1933இல் ஜெர்மனியில் வெளிவந்தபோது அட்டையில் அவர்கள் பெயர் இல்லை, நிறுவனத்தின் பெயர் மட்டும். யூதப் பெயர்களை அந்த ஆண்டில் அச்சிட முடியாது. இங்கும் தோன்றா எழுவாய்.

அவர்கள் கண்டது என்ன? ஆலை நின்றதும் ஊருக்கு நேரம் கொள்ளைகொள்ளையாகக் கிடைத்தது. படிப்பகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணம்கூட நீக்கப்பட்டிருந்தது. அப்படியும் 1929க்கும் 1931க்கும் இடையே புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தெருவில் நடந்த நூறு ஆண்களைக் கவனித்ததில் 88 பேர் கடிகாரம் அணிந்திருக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து நின்று, ஊரின் முக்கியத் தெருவைக் கடக்க யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள், எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஆண்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு தடவையோ அதற்கு மேலோ நின்றார்கள். பெண்களில் அப்படி நின்றவர்கள் ஆறில் ஒரு பங்கு. நேற்று என்ன செய்தாய் என்று மணிவாரியாக எழுதச் சொன்னபோது ஆண்களுக்கு எழுத வரவில்லை. எழுந்தது, பிள்ளைகளை எழுப்பியது, சாப்பிட்டது, படுத்தது. நடுவில் இருந்த மணிநேரங்கள் எங்கே போயின என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஊர்க்குளத்தில் தண்ணீர் வற்றினால் சேறு தெரிவதுபோல, சம்பளம் வற்றியதும் அதுவரை சம்பளத்துக்கு அடியில் கிடந்த ஒன்று வெளியே தெரிந்தது. சங்கு ஊதும் நேரம், ஷிஃப்ட் மாறும் நேரம், சம்பள நாள், ஞாயிற்றுக்கிழமை. வேலை என்பது கூலியோடு சேர்த்து நேரத்துக்கு ஒரு வடிவத்தையும் கொடுத்துவந்தது. பறிக்கப்பட்டது என்ன என்ற கேள்விக்கு நம் துண்டறிக்கைகள் எழுதாமல் விட்ட பதில் இதுதான். யஹோடா ஐம்பது ஆண்டு கழித்து 1982இல் எழுதிய நூலில் இதைக் கோட்பாடாகவே வளர்த்தார். நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியிலான உறவு, கூட்டான நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், தினசரிச் செயல்பாடு. கூலி கொடுப்பவன் இவற்றைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக் கொடுப்பதில்லை. ஆனால் எடுத்துக்கொள்ளும்போது எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறான்.

4

மனப்பான்மை விஷயத்துக்கு வருவோம். மரியன்தால் குடும்பங்களை அந்த ஆய்வு நான்கு வகையாகப் பிரித்தது: தளராதவர்கள், ஒதுங்கி அடங்கியவர்கள், விரக்தியடைந்தவர்கள், எதிலும் ஈடுபாடற்றுப் போனவர்கள். இரண்டாவது வகைதான் மிகப் பெரும்பான்மை. எதிர்பார்ப்புகளைச் சுருக்கிக்கொண்டு, இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு, நாளைக்கு என்று எதையும் திட்டமிடாதவர்கள். இதுவரை இது ஒரு உளவியல் பட்டியல். அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் முக்கியம். ஒவ்வொரு வகைக்கும் தலைக்கு இவ்வளவு என்று மாத வருமானத்தைக் கணக்கிட்டார்கள். தளராதவர்களுக்கு 34 ஷில்லிங். அடங்கியவர்களுக்கு 30. விரக்தியடைந்தவர்களுக்கு 25. ஈடுபாடற்றவர்களுக்கு 19.

நேர்மறை மனப்பான்மைக்கும் அதற்கு அடுத்த படிக்கும் நடுவில் நான்கே ஷில்லிங். உதவித்தொகையின் காலம் முடிந்து தொகை குறையக் குறைய குடும்பங்கள் இந்தப் படிக்கட்டில் இறங்கும் என்றே ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். மனசுதான் எல்லாம் என்று பேசுபவர்கள் இந்த நான்கு எண்களையும் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். நம்மூரில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்காக 2018இல் ஒரு வேலையின்மை நிவாரணத் திட்டம் வந்தது. சராசரிச் சம்பளத்தில் கால்பங்கு, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே தடவை. 2020இல் கால்பங்கை அரைப்பங்காக்கினார்கள். அந்தக் காப்பீட்டுக்கு வெளியே நிற்கும் பெரும்பான்மைக்கு அதுவும் இல்லை. மரியன்தாலின் கணக்கில் போட்டுப் பார்த்தால் நம்மவர்கள் முதல் படியில் காலே வைக்காமல் நேராகக் கீழே விழுகிறார்கள். தொண்ணூற்றொன்றாம் நாள் காலையில் எந்தப் புத்தகத்தைப் படித்து நேர்மறையாக நினைப்பது?

சுயமுன்னேற்ற எழுத்தை அடிப்பது சுலபம். தோழர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்ததையும் கேட்க வேண்டும். மரியன்தால் தொழிலாளர்கள் சங்கத்திலும் கட்சியிலும் ஊறியவர்கள். ஆலை நின்றபின் கட்சி நாளிதழான ‘அர்பைட்டர் ட்ஸைட்டுங்’குக்குச் சந்தா கட்டுவது 60 சதவீதம் குறைந்தது. வேலையற்றவர்களுக்குச் சலுகை விலை உண்டு, அப்படியும். அதே கட்சி நடத்திய, அரசியல் குறைவாகவும் கேளிக்கை கூடுதலாகவும் இருந்த மலிவுப் பத்திரிகைக்கு 27 சதவீதம்தான் குறைந்தது. ஆக, காசு மட்டும் காரணமில்லை. இன்னொன்றும் கூடியது: பக்கத்து வீட்டுக்காரன் உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக வேலையும் செய்கிறான் என்று அதிகாரிகளுக்குப் போகும் மொட்டைக்கடிதங்கள். தெருவில் ஹார்மோனிகா வாசித்துச் சில்லறை வாங்கியதற்காக ஒருவரின் உதவித்தொகை நின்றது. ‘களைத்துப்போன சமூகம்’ என்று அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் புரட்சியை எதிர்பார்த்திருந்த சோஷலிஸ்டுகள். தாங்கள் கண்டதை அவர்கள் மறைக்கவில்லை.

நம்முடைய இடதுசாரி இலக்கியம் வேறொரு கதையாடலில் வளர்ந்தது. தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கைத்தறி நெருக்கடியை நாவலாக்கியது. நூல் விலையும் தேங்கிய துணியும் ஒரு நெசவாளர் ஊரை எப்படித் தின்றன என்று தமிழில் முதலில் விரிவாகச் சொன்ன பிரதிகளில் ஒன்று. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் பசியிலிருந்து போராட்டத்துக்கு அது போடும் கோடு நேர்க்கோடு. பசித்தவன் எழுவான். எழுபது ஆண்டாக நம் துண்டறிக்கைகள் இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கின்றன. நடுவில் ஒரு பெரிய சமவெளி இருக்கிறது. பகல் பதினொரு மணிக்கு டீக்கடை பெஞ்சில் அதே பேப்பரை மூன்றாவது முறை புரட்டுகிறவன் இருக்கும் சமவெளி. அவனை நாம் வர்க்க உணர்வு மங்கியவன் என்கிறோம். புத்தகக்காரர் அவனை ஊக்கம் குறைந்தவன் என்கிறார். இரண்டு பேச்சும் அவனிடம் ஏதோ குறை என்பதில் ஒத்துப்போகின்றன. அவன் நேரத்துக்கு என்ன ஆயிற்று என்று இரண்டுமே கேட்பதில்லை.

5

கோட்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. எ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கடிகாரமும் சங்கும் அபராதமும் சேர்ந்து எப்படி மனிதர்களின் நேரத்தைத் தொழில் முதலாளியத்துக்கு ஏற்றதாக மாற்றின என்று காட்டினார். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு ஆலை என்பது சிறைக்கும் பள்ளிக்கும் ஒன்றுவிட்ட சகோதரன். மார்க்சின் மருமகன் லஃபார்க் 1880இலேயே சோம்பியிருக்கும் உரிமையைக் கோரினார். அப்படியானால் ஆலை மூடியதும் இந்த ஒழுங்கிலிருந்து மனிதர்கள் விடுபட்டிருக்க வேண்டும். மரியன்தாலில் யாரும் விடுபடவில்லை. ஏன்?

என் பதில் இது. ஒழுங்கைத் திணித்தவன் அந்த ஒழுங்கில் எல்லோரையும் ஒன்றாக வைத்திருந்தான். நீக்கும்போது தனித்தனியாக நீக்குகிறான். ஓய்வு என்பது வேலையோடு சேர்ந்துதான் ஓய்வு. ஞாயிறு இருக்க வேண்டுமென்றால் திங்கள் இருக்க வேண்டும். ஏழு நாளும் ஞாயிறானால் அது கிழமையே இல்லை. லஃபார்க் கேட்ட ஓய்வு எல்லோரும் குறைவாக வேலை செய்து பகிர்ந்துகொள்ளும் ஓய்வு. முதலாளியம் கொடுக்கும் ஓய்வு பாதிப் பேரை ஓட ஓட விரட்டிவிட்டு மீதிப் பேரை உட்காரவைப்பது.

தமிழில் இதற்கு ஓர் அற்புதமான சொல் இருக்கிறது: சும்மா. தாயுமானவர் மரபில் சும்மா இருத்தல் என்பது ஞானத்தின் உச்சி. அதைவிடப் பெரிய காரியம் கிடையாது. தெருவில் அதே சொல் வசை. ‘வீட்ல சும்மாதான் இருக்கான்.’ ஞானத்துக்கும் வசைக்கும் இடையிலான தூரத்தை அளக்க ஒரு பழைய கதை போதும். கோயில் கணக்கில் சும்மா இருக்கும் சாமியாருக்கு ஒரு கட்டி சோறு என்று எழுதியிருந்ததாம். அந்தச் சோற்றுக்குப் பின்னால் கோயில் நிலம் இருந்தது, அதில் உழுதவர் இருந்தார். சாமியார் சும்மா இருக்க யாரோ சும்மா இல்லாமல் இருந்தார்கள். வேலை பறிக்கப்பட்டவருக்குக் கட்டி சோறு எழுதிவைக்கும் கணக்குப்புத்தகம் எதுவும் இல்லாததால் அவருடைய ‘சும்மா’ வசையாகிறது.

இந்தச் சொல்லை நாள்தோறும் தன்மீது போட்டுக்கொள்ளும் இன்னொருவர் உண்டு. ‘என்ன பண்றீங்க?’ என்று கேட்டால், விடியலில் எழுந்து தண்ணி பிடித்து, சமைத்து, துவைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லி, இரவு பத்து மணிக்கு அடுப்படி கழுவும் பெண், ‘சும்மாதான் இருக்கேன்’ என்கிறாள். மரியன்தாலின் பெண்கள் தெருவில் ஏன் நிற்காமல் நடந்தார்கள் என்பதற்கு விளக்கம் இதுவே. அவர்களுக்குக் கூலி போயிற்று, வேலை போகவில்லை. குறைந்த காசில் அதே சோற்றை வடிக்க வேண்டியிருந்ததால் வேலை கூடியது. குறுந்தொகையின் 135ஆம் பாட்டு ஆணின் உயிரை வினையிலும் பெண்ணின் உயிரைக் கணவனிலும் வைத்தது. அந்தப் பங்கீட்டை ஏற்றுக்கொண்டவர்கள் வேலை பறிப்பு ஆணுக்கு நேர்வது என்றும் பெண் அவனைத் தேற்ற வேண்டியவள் என்றும்தான் எழுதுவார்கள். சமாளித்தல் என்கிறோமே, அதை யார் செய்கிறார்கள்? அடகுக் கடை வாசலில் நிற்பது யார்? குழுக்கடனுக்குக் கையெழுத்துப் போடுவது யார்? ரேஷன் வரிசையில் காத்திருப்பது யார்? புத்திமதி நூல்கள் ‘நீ’ என்று விளிப்பது ஆணை. சமாளிப்பின் உழைப்பு அந்த ‘நீ’க்கு வெளியே கணக்கில்லாமல் நடக்கிறது. இன்னொரு செய்தி: ஆலையிலும் வீட்டிலும் இரட்டைப் பாரம் சுமந்த மரியன்தால் பெண்கள்கூட, ஆலை திறந்தால் மறுநாளே போவோம் என்றார்கள். காசுக்காக மட்டும் அல்ல. ஆலையில் ஆட்கள் இருந்தார்கள், பேச்சு இருந்தது.

6

மரியன்தால் நம் ஊருக்கு முழுவதும் பொருந்தாது. அங்கே வேலை போனவர் வேலையற்றவர் ஆனார். இங்கே வேலை போனவர் முதலில் தன் சாதிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் இரண்டு விஷயம் சொன்னார். சாதி வேலைப் பிரிவினையோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கியது என்பது அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இரண்டாவதை யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை. தொழில்கள் மாறும்போது மனிதர்களும் மாறிக்கொள்ள வேண்டும். சாதி அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே நாட்டின் வேலையின்மையில் பெரும்பங்குக்குச் சாதியே நேரடிக் காரணம் என்றார். பொருளாதார மந்தத்தைப் பற்றி எழுதும் நிபுணர்கள் இந்த வாதத்தைத் தொட்டுப் பார்த்தால் தேவலை.

திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையை எடுத்துக்கொள்வோம். 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. 2014 நவம்பர் 1 அன்று நின்றது. மந்தத்தால் மூடியதுகூட இல்லை. வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டதால், மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய செல்பேசி வணிகத்தில் அந்த ஆலை சேரவில்லை. உச்சத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள், பெண்கள் கணிசமாக. மூடுவதற்குச் சில மாதம் முன்னால் அவர்கள் முன் வைக்கப்பட்ட காகிதத்தின் பெயர் ‘விருப்ப ஓய்வு’. இருபத்துநான்கு வயதில் ஓய்வு! இந்தச் சொற்றொடரில் எந்தச் சொல்லை நம்புவது? விருப்பத்தையா, ஓய்வையா?

கம்பெனி பஸ்ஸும் சீருடையும் கழுத்தில் தொங்கிய அட்டையும் ஒரு காலனிப் பெண்ணுக்கோ பையனுக்கோ என்னவாக இருந்தன என்பதைச் சம்பளச் சீட்டு சொல்லாது. ஒரே நிறச் சட்டையில் ஒரே வரிசையில் எட்டு மணிநேரம். சாதி அங்கே ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மேஸ்திரி, மேலாளர் எல்லோரும் ஊரிலிருந்துதான் வருகிறார்கள். ஆனால் ஊரின் நேரத்துக்கு வெளியே ஒரு நேரம் கிடைத்தது. அது பறிபோனால் திரும்பிப் போவது எந்த நேரத்துக்கு? பையனுக்கு ஊர்க்காரர் நிலமும் கூலியும். பெண்ணுக்குப் பெரும்பாலும் கல்யாணப் பேச்சு. இதை ‘மீண்டு வருதல்’ என்று எந்தப் புத்தகத்தின் மொழியில் எழுதுவது? ஆஸ்திரியத் தொழிலாளிக்கு வெற்று நேரம் தண்டனையாக இருந்தது. இங்கே தலித் தொழிலாளிக்கு நேரம் வெறுமையாகக்கூட விடப்படுவதில்லை, ஊர் அதைத் தன் பழைய கணக்கில் சேர்த்துக்கொள்ளக் காத்திருக்கிறது.

7

நம் இலக்கியமும் சினிமாவும் இதை எப்படி எதிர்கொண்டன என்று பார்த்தால், அவற்றுக்கு நன்றாகத் தெரிந்தவன் வேலை கிடைக்காதவன்தான். ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘நிழல்கள்’ (இரண்டும் 1980) தொடங்கி அவன் நம் கதாநாயகன். தாடி வைப்பான், கோபப்படுவான், காதலிப்பான். அவனுக்கு முன்னால் காலம் இருக்கிறது. வேலை பறிக்கப்பட்டவனுக்கு நாற்பத்தைந்து வயது, சர்க்கரை, வீட்டுக் கடன், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண். அவனை வைத்துப் பாட்டு எடுக்க முடியாது. திருப்பெரும்புதூரில் கையெழுத்து வாங்கப்பட்ட அதே 2014இல், ஜூலையில் வந்த படம் ‘வேலையில்லா பட்டதாரி’. வேலையற்ற பொறியாளர்களைத் திரட்டி நாயகன் ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்துத் தன் தகுதியை நிரூபிக்கிறான். தியேட்டர் அதிர்ந்தது. தகுதி நிரூபிக்கப்பட்டுவிட்டால் வேலை கிடைத்துவிடும் என்ற சமாளித்தல் நூல்களின் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டாம்.

எனக்குத் தெரிந்து வேலை பறிப்பை உள்ளடக்கத்தில் பேசுவதைவிட வடிவத்தில் உணர்ந்த தமிழ் நாவல் அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’. சினிமாத் தயாரிப்பின் கீழ்மட்ட ஆட்களைப் பற்றிய நாவல் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் ஒரு அத்தியாயத்தில் ஓடியாடி வேலை செய்தவர் அடுத்த அத்தியாயத்தில் இல்லை. கதை அவருக்காக நிற்பதில்லை, விடைகொடுப்பதும் இல்லை. யாரோ பேச்சுவாக்கில் குறிப்பிட்டால் உண்டு. படம் நின்றால் ஆள் என்ன ஆவான் என்பதை நாவல் விவரிப்பதில்லை. வாசகன் அவனைத் தவறவிடும்படி செய்கிறது. தொழில் ஒருவனை மறக்கும் வேகத்திலேயே பிரதியும் மறக்கிறது. இந்த வடிவம் தரும் அச்சத்தை எந்த முழக்கமும் எனக்குத் தந்ததில்லை. ஆனால் இதன் எல்லையும் இங்கேதான். காணாமல் போனவனின் அடுத்த நாள் எப்படி இருந்தது என்று நாவல் அவனைத் தேடிப் போகாது. புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ அந்த இன்னொரு பக்கத்தைத் தொட்டது. அதில் வருபவன் வேலை பறிபோனவன் இல்லை, எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் காசில்லாத ஒரு நாள் மணிமணியாக எப்படி நகர்த்தப்படுகிறது என்பதே கதை, தலைப்பும் அதுவே. அதற்குப் பிறகு நாம் போராட்ட நாட்களை எழுதினோம், போராட்டத்துக்கு முந்தைய நாட்களையும் தோற்ற பிறகு வந்த நாட்களையும் எழுதவில்லை.

8

செய்ய வேண்டியது என்ன என்று கேட்பவர்களுக்கு என்னிடம் திட்டம் இல்லை, மூன்று வற்புறுத்தல்கள் இருக்கின்றன. முதலாவது, நிவாரணம் என்ற சொல்லைக் கண்டு நாம் கூசக் கூடாது. சீர்திருத்தவாதம் என்று சொல்லி அதை ஒதுக்கியவர்கள் அந்த 34, 30, 25, 19ஐத் திரும்பப் பார்க்கட்டும். கையில் கொஞ்சம் மிச்சமிருப்பவர்தான் கூட்டத்துக்கு வருகிறார். 90 நாளை ஒரு வருடமாக்கு, காப்பீட்டுக்கு வெளியே இருப்பவருக்கும் கொடு என்பது புரட்சிக்கு எதிரான கோரிக்கை அல்ல, அதற்கான நேரத்தைக் கேட்கும் கோரிக்கை.

இரண்டாவது, சங்கம் என்பது கோரிக்கைப் பட்டியலாக மட்டும் இருந்தால் போதாது. 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கணினித் துறைப் பெண் ஊழியரின் நீக்கத்துக்குத் தடை விதித்தது. 2016இல் தொழில் தகராறு சட்டம் கணினித் துறைக்கும் பொருந்தும், அங்கும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. இந்த வெற்றிகளின் சட்ட மதிப்பு ஒரு பக்கம். நான் பார்த்தது இன்னொரு பக்கம். வழக்குத் தேதி என்று ஒன்று வந்ததும் நாட்காட்டியில் மறுபடி ஒரு நாளுக்கு அடையாளம் வந்தது. மனு எழுத ஒரு மாலை, வக்கீலைப் பார்க்க ஒரு காலை, தன்னைப் போலவே நீக்கப்பட்ட இன்னொருவரை முதல்முறையாகச் சந்திக்க ஒரு மதியம். தனித்தனியாக நீக்கப்பட்டவர்களுக்கு ஒரு பொது நேரம் திரும்பக் கிடைத்தது. ஆகவே சங்க அலுவலகம் வெறும் புகார்ப் பெட்டி வைத்த அறையாக இருந்தால் பயனில்லை. காலை பத்து மணிக்குத் திறந்து கிடக்க வேண்டும், அங்கே போக ஒரு காரணம் இருக்க வேண்டும், பெண்கள் வருவதற்கு வீட்டு வேலையின் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது எழுதுகிறவர்களுக்கு. வேலை பறிக்கப்பட்டவர்களிடம் அவர்களுடைய ஒரு நாளை எழுதி வாங்குங்கள். மரியன்தால் குழு செய்ததுபோல மணிவாரியாக. ஆணிடமும் பெண்ணிடமும் தனித்தனியாக, ஊரிலும் காலனியிலும் தனித்தனியாக. கவிதையாக்க வேண்டாம், கதையாக்க வேண்டாம், அப்படியே போடுங்கள். பக்கம் பக்கமாக ஒன்றும் நடக்காத மணிநேரங்கள் வரும், ஆசிரியர்களுக்குச் சலிப்புத் தட்டும். அந்தச் சலிப்பை அச்சிட நம் பத்திரிகைகள் தயாரா என்று கேட்கிறேன். இந்த இதழின் வாசகர்களில் தொழிற்சங்கத் தோழர்கள் பலர் உண்டு. ‘பஞ்சும் பசியும்’ பற்றி நான் சொன்னதை அவர்கள் மறுக்கக் கூடும். மறுத்து எழுதட்டும், கூடவே தங்கள் பகுதியில் மூடிய ஓர் ஆலையின் ஆட்கள் இப்போது காலை பதினொரு மணிக்கு எங்கே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.